மேடவாக்கம் பிளாட்டை இப்போதே விற்றுவிடு, கண்ணா

ஸ்ரீரங்கம்
9.11.2025

அன்புள்ள கண்ணனுக்கு,

நேற்று போனில் நீ பேசியதையே ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிளாட்டை விற்க மனசில்லை, அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது, அதன்மேல் இருக்கும் வீட்டுக் கடனோடு இன்னொரு 20 லட்சம் டாப்-அப் கடன் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போகிறேன் என்றாய். பேங்கில் முப்பது வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன். அது வேண்டாம்.

கடன் வாங்கினால் வரி இல்லை என்பது சரிதான். கடன் வருமானம் ஆகாது. ஆனால் அதைத் திருப்பிக் கட்டப்போவது யார்? 15 வருஷக் கடனுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்தாலே மாதத் தவணை 20 ஆயிரத்தைத் தாண்டும். வாடகை வருவது 18 ஆயிரம். அந்தப் பணத்தை வீட்டுக்காக இல்லாமல் அங்கே குடித்தனம் வைக்கச் செலவழித்தால், அதன் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கவும் முடியாது. மேலும் நீ வெளிநாட்டில் வசிப்பவன் (என்.ஆர்.ஐ.) ஆகிவிட்டால், குடியிருக்கும் அந்தப் பையன் மாதாமாதம் வாடகையில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டுத்தான் மீதியை உனக்கு அனுப்ப வேண்டும். அவனுக்கு அதெல்லாம் தெரியுமா?

விற்பதிலும் தேதிதான் முக்கியம். நீ கிளம்புவது ஜனவரி 12. இந்த நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்துவிட்டதால், மார்ச் 31 வரை வருமான வரிக்கு நீ உள்நாட்டில் வசிப்பவன்தான். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும்போது உள்நாட்டில் வசிப்பவருக்கு இரண்டு கணக்கு போட்டுப் பார்க்கும் வசதி உண்டு. ஒன்று, லாபம் முழுவதற்கும் 12.5 சதவீதம். இன்னொன்று, விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு மிச்ச லாபத்துக்கு 20 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டலாம்.

நேற்று ராத்திரி பழைய காலண்டரின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். வாங்கியது 2012-13ல், பத்திரச் செலவும் சேர்த்து 30 லட்சம். அந்த வருஷக் குறியீடு 200, இந்த வருஷம் 376. ஆக 30 லட்சம் 56.40 லட்சமாகிறது. 65 லட்சத்துக்கு விற்றால் லாபம் 8.60 லட்சம், வரி 1.72 லட்சம். முதல் கணக்குப்படி போட்டால் லாபம் 35 லட்சம், வரி 4.37 லட்சத்துக்கு மேல். செஸ் தனி. அடுத்த வருஷம் நீ என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் இந்தப் பெரிய தொகைதான், தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. வாங்குகிறவர் விலையிலிருந்து முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியும் (டி.டி.எஸ்.) அப்படித்தான். இப்போது 1 சதவீதம், 65 ஆயிரம். அப்போது குறைவாகப் பிடித்தால் போதும் என்ற சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்காவிட்டால் எட்டு லட்சத்துக்கு மேல் போய்விடும். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

வரியை மிச்சப்படுத்த இன்னொரு வீடு வாங்கு, ஐந்து வருஷப் பாண்டில் போடு என்று யாராவது சொல்வார்கள். உனக்கு இப்போது கையில் பணம் வேண்டும். வரியைக் கட்டிவிடு.

பார்க்க வந்தவர் 50 லட்சத்துக்குப் பத்திரம், மீதி ரொக்கம் என்று கேட்டாராமே. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடு. வீட்டு விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினாலே வாங்கிய அளவுக்கு அபராதம் உண்டு. அட்வான்ஸும் பேங்க் வழியாகவே வரட்டும்.

அப்புறம் பிளாட்டின் மேல் ஏற்கெனவே இருக்கும் வீட்டுக் கடன். 2017ல் அதை வேறு பேங்குக்கு மாற்றியபோது பதிவு செய்த அடமானம் இன்னும் வில்லங்கத்தில் இருக்கிறது. கடனை அடைத்தால் மட்டும் போதாது, கடன் தீர்ந்தது என்று பேங்க் எழுதித் தரும் ரசீதுப் பத்திரமும் பதிவாக வேண்டும். 2019ல் என் மனையை விற்கப்போனபோது இதைச் செய்யாமல் விட்டேன். இத்தனை வருஷம் அதே வேலையில் இருந்த நானே விட்டேன். வில்லங்கம் போட்டுப் பார்த்தவர் வந்த வழியே போய்விட்டார். அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாக்கி 9 லட்சம்தானே. என் எஃப்.டி.யை எடுத்துத் தருகிறேன், இந்த வாரமே அடைத்துவிடு. மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. அடைத்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் பேங்க் உனக்குத் தர வேண்டும். விற்றதும் என் பணத்தைத் திருப்பிப் போடு. கிளம்புவதற்குள் பதிவு முடியாவிட்டால் என் பெயருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, மார்ச்சுக்குள் நான் முடித்துவிடுகிறேன்.

அப்பாவின் நீல ஃபைலை எடுத்து வைத்திருக்கிறேன். கிரில், லாஃப்ட், சமையலறை மேடை போட்ட பில்லெல்லாம் தேதி வாரியாகக் குத்தி வைத்திருக்கிறார். அதையும் செலவில் சேர்க்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேள். ஒரு பில்லின் ஓரத்தில் "குழாய்த் தண்ணீர் நன்றாக வருகிறது" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு தாளை நகல் எடுத்துக் கொடு, அசலை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பல்லவனில் வந்துவிடு. வத்தக்குழம்பு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா