பெண்பிள்ளைகளின் மைதானத்துக்கு அக்காமாரை அழைத்துவர உதவுங்கள்

அன்புடையீர்,

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பிரதேசத்தில் அயலயலாக உள்ள மூன்று கிராமங்களின் பெற்றோரும் பழைய மாணவரும் விளையாட்டுக் கழகத்தினரும் சேர்ந்து அமைத்த குழுவினராகிய நாம், எமது பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட, மெய்வல்லுநர் பயிற்சிகளை வருடம் முழுவதும் தொய்வின்றி நடத்துவதற்கு உங்கள் உதவியை வேண்டி இதனை எழுதுகிறோம். கட்டடம், பார்வையாளர் மேடை என்று எதுவும் இப்போது கேட்கவில்லை. தாமே விளையாடி மாகாண மட்டம்வரை சென்ற இளம்பெண்கள் இருவரைக் கிழமைக்கு மூன்று நாள் மைதானத்துக்கு அழைத்துவரும் செலவுக்கே கேட்கிறோம்.

தரம் 6, 7 படிக்கும் காலத்தில் எமது பிள்ளைகளை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவதுதான் சிரமம். பாடசாலை இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால் சப்பாத்து இல்லாமலே கிறவல் வீதியில் ஓடிப் பழகுவார்கள். தரம் 9ஐத் தாண்டும்போது ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கான ரியூசன், பெரியபிள்ளையான பின் காற்சட்டையுடன் ஓடுவதா என்ற ஊர்ப்பேச்சு, மைதானத்தில் ஒழுங்கான மலசலகூடம் இல்லாமை, பயிற்சி முடிவதற்குள் இருட்டிவிடுவது எனக் காரணங்கள் பல. இவற்றை வீண்பயம் என்று ஒதுக்க எமக்கு மனமில்லை. மாலையில் வீதிக்கு யானை வருவது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே.

முன்மாதிரிகளுக்கு எமது மண்ணில் பஞ்சமில்லை. கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானில் நடைபெற்ற சவேட் எனும், காலாலும் உதைத்து ஆடும் குத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்றார். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் அம்மையார் 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் பெற்றபோது, பேரப்பிள்ளை கண்ட அம்மாமாரே எமது சிறுமிகளிடம் அதைச் சொல்லி மகிழ்ந்தார்கள். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது வளையத்தின் கீழ் நின்றவர் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் என்பது எமது பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவருடைய ஆறடி பத்தங்குல உயரம் யாருக்கும் வாய்க்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் சுவரில் கோடு கீறித் தம் உயரத்தை அளந்து பார்க்காத பிள்ளை இல்லை.

ஆசையை மூட்ட இவர்கள் போதும். ஆனால் பதினான்கு வயதில் நின்றுவிட நினைக்கும் பிள்ளையை மறுநாளும் மைதானத்துக்கு வரவைப்பவர், அவள் வாரந்தோறும் கண்ணால் காணும் ஓர் அக்காவே என்பது எமது அனுபவம். முன்பு சில மாதங்கள் முன்னாள் வீராங்கனை ஒருவர் தம் கைக்காசில் பஸ் ஏறி வந்து பழக்கினார். கோல் எய்யும் பிள்ளையின் பின்னால் நின்று, முழங்கையைத் தொட்டு உள்ளுக்கு எடுத்துவிட்டு, “பந்தைப் பார்க்காதை, வளையத்தைப் பார்; முழங்காலை மடிச்சு எழும்பு” என்பார். பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று விநாடிதான் உண்டு என்பதால், அந்த மூன்றையும் வாய்விட்டு எண்ணுவார். பயிற்சி முடிந்ததும், வராமல் நின்ற பிள்ளையின் வீட்டுக்குப் போய் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். “பிள்ளை இருட்ட முன்னம் வீட்டை வருமோ?” என்று தாய் கேட்டால், “நான் கொண்டுவந்து விடுறன் அம்மா” என்பதே அவருடைய பதில். மாதவிடாய் நாளில் ஓடலாமா என்பதை எமது உடற்கல்வி ஆசிரியர்களிடம், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாயினும், எந்தப் பிள்ளையும் கேட்கமாட்டாள்; அந்த அக்காவிடம் கேட்டார்கள். அவருக்கும் வேலையும் குடும்பமும் உண்டு. சும்மா வரச்சொல்லி எத்தனை நாள்தான் கேட்பது? அவர் நின்ற பின் மூத்த பிள்ளைகளின் வரவு குறைந்தது.

எனவே, இம்முறை கொடுப்பனவு வழங்கியே அழைப்பதெனத் தீர்மானித்துள்ளோம். போக்குவரத்துச் செலவு உட்பட ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,500 ரூபா வீதம் வருடத்துக்கு 780,000 ரூபாவும், பிள்ளைகளை மாலையில் வீடு சேர்க்கும் முச்சக்கர வண்டிக்கு 120,000 ரூபாவுமாக மொத்தம் 900,000 ரூபா தேவைப்படுகிறது. மாரி மழை நாட்களில் பொதுநோக்கு மண்டபத்தில் பயிற்சி நடைபெறும். அதற்கு வாடகை இல்லை.

ஊரவர்கள் நெல் விற்ற பின் தம் பங்கைத் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர். வெளிமாவட்டங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் எம் உறவுகள் மாதாந்தம் ஒரு சிறு தொகையைப் பொறுப்பேற்றால் பயிற்சி இடையில் நிற்காது. ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட அதுவே எமக்கு வசதி. நல்ல நிலையிலுள்ள ஓட்டச் சப்பாத்துகளையும் மகிழ்வுடன் ஏற்போம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வசிக்கும் முன்னாள் வீராங்கனைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் வந்து பிள்ளைகளுடன் விளையாட முடிந்தால், தயவுசெய்து அறியத்தாருங்கள்.

பணத்தைக் கழகத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் வைப்பிலிடுங்கள். எவரிடமும் கைக்காசாகக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர் பற்றுச்சீட்டு வழங்குவார். வரவுசெலவு விபரம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பொதுநோக்கு மண்டப அறிவித்தற் பலகையில் ஒட்டப்படுவதுடன், நன்கொடையாளர்களுக்கும் அனுப்பிவைக்கப்படும்.

இங்ஙனம்,
நிர்வாகக் குழுவினர்