பராகோவாலேர்ந்து வந்த கையோட வாசுகிக்கு

வாசுகி,

எப்படிடி இருக்க? உன் மெயில் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத, நான் ஊர்லயே இல்ல. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்பதான் எனக்கு மூச்சே வந்தது, சொட்டு மருந்த விடாம போடச் சொல்லு, நல்லாத்தான தெரியுதுன்னு அவங்களே நிறுத்திடுவாங்க, அவங்கள எனக்குத் தெரியாதா. அப்புறம் அதே மெயில்ல கடைசியா போற போக்குல ஒண்ணு எழுதியிருந்த பாரு, தென்னைக்கு நடுவுல வெச்ச கோகோவ எல்லாம் வெட்டிடலாம்னு அண்ணன் சொல்றாரு, காய அணில் கொறிச்சுடுது, விலையும் இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு. அத நான் படிச்சது எங்க தெரியுமா, கியூபாவோட கிழக்கு மூலையில பராகோவான்னு ஒரு ஊர்ல, தென்னையும் கோகோவும்தான் அங்க சோறு போடுது. அதான் நிதானமா உக்காந்து எழுதணும்னு வெச்சிருந்தேன்.

ஊர் எப்படி இருக்குன்னா, முன்னால அட்லாண்டிக் கடல், முதுகுக்குப் பின்னாடியே மலை, நடுவுல கொஞ்சூண்டு இடத்துல ஓட்டு வீடுங்க. முனிசிபாலிட்டி மொத்தத்துக்கும் சுமார் 80 ஆயிரம் பேர் இருப்பாங்க, ஆனா டவுன விட்டா பாக்கியெல்லாம் மலைக்குள்ளயும் ஆத்தோரத்துலயும் சிதறிக் கிடக்கிற குடியிருப்புங்கதான். குவாந்தனமோ டவுன்லேர்ந்து வண்டி புடிச்சுப் போனோம். மொதல்ல தெக்கு கடலோரமாவே போகுது ரோடு, நம்ப மாட்ட, ஒரே கள்ளிச்செடி, ஆடு, வெடிச்ச மண்ணு, கியூபாவுலயே மழை கம்மியான பக்கம் அதுதான். காஹோபாபோன்னு ஒரு இடத்துல கடல விட்டுட்டு மலை ஏற ஆரம்பிக்குது. அங்கேர்ந்து பராகோவா வரைக்கும் லா ஃபரோலா ரோடு, சில இடத்துல மலைய வெட்டி போட வழியில்லாம தூண் எழுப்பி அந்தரத்துல தொங்கவிட்ட மாதிரி போட்டிருக்காங்க, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா கீழ மரத்தோட உச்சிதான் தெரியுது. உச்சிக்கு வந்ததும் காத்தே மாறிடுச்சு, ஈரம், பச்சை வாசனை, எறங்க எறங்க தூறல். வடகிழக்குலேர்ந்து வருஷம் பூரா அடிக்கிற காத்து கடல் ஈரத்த எல்லாம் கொண்டாந்து இந்த மலைமேல மோதி இந்தப் பக்கமே கொட்டிட்டுப் போயிடுது, அந்தப் பக்கத்துக்கு மிச்சமே இல்ல. ஒரே மலை, ஒரு பக்கம் கள்ளி, ஒரு பக்கம் காடு, நடுவுல கொஞ்ச நேர பயணம்தான்.

இந்த ரோடே 1960கள்ல வந்ததுதான். அதுக்கு முன்னாடி 400 வருஷத்துக்கும் மேல இந்த ஊருக்கு கடல் வழியா வரணும், இல்லன்னா கழுதையோட மலை ஏறணும். இத்தனைக்கும் கியூபாவுல ஸ்பெயின்காரங்க கட்டின மொத ஊரே இதுதான், 1511ல, தலைநகரமாவும் இருந்திருக்கு, ஆனா 1515லயே சந்தியாகோவுக்கு மாத்திட்டாங்க. அன்னைக்குப் போன கவனம் அதுக்கப்புறம் இந்த ஊர் பக்கம் பெருசா திரும்பல. எனக்கு என்ன தோணுதுன்னா, அப்படி மலை அடைச்சு வெச்சதாலதான் இவங்களுக்குன்னு தனி சமையல், தனி சொல்லு, தனி நம்பிக்கையெல்லாம் இவ்ளோ கெட்டியா நின்னிருக்கு. கியூபாவுல வேற எங்கயும் இல்லாத சாப்பாடு இங்க இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

சர்ச்சுக்குள்ள ஒரு மரச் சிலுவை இருக்கு, 1492 டிசம்பர்ல கொலம்பஸ் இந்தக் கரையில நட்டதுன்னு சொல்றாங்க. மரத்த டெஸ்ட் பண்ணிப் பார்த்ததுல அது ஸ்பெயின்லேர்ந்து வந்த மரமே இல்ல, கியூபாவுல வளர்ற மரம்னு தெரிஞ்சிருக்கு, ஆனா வயசு மட்டும் அந்தக் காலத்தோட ஒத்துப் போகுதாம். பக்தியில ஆளாளுக்கு சிலாம்பு சிலாம்பா பேத்து எடுத்துட்டுப் போனதால இப்ப முனையெல்லாம் உலோகத் தகடு போட்டு மூடியிருக்காங்க. அந்த சர்ச்சுக்கு நேர் எதிர்ல பார்க்குல அத்துவேய்னு ஒரு பழங்குடித் தலைவரோட சிலை. பக்கத்துத் தீவுல ஸ்பெயின்காரங்க பண்ணின அக்கிரமத்தப் பார்த்துட்டு படகுல இங்க வந்து, அவங்க வர்றாங்க உஷாரா இருங்கன்னு ஜனங்களுக்குச் சொன்னவரு. 1512ல புடிச்சு உயிரோட எரிச்சாங்க. எரிக்கிறதுக்கு முன்னாடி பாதிரியார் மதம் மாறினா சொர்க்கம் போலாம்னாராம், இவரு, ஸ்பெயின்காரங்க அங்கதான் போவாங்களான்னு கேட்டுட்டு, அப்ப எனக்கு நரகமே போதும்னாராம். சிலையோட முகம் சர்ச்சப் பார்த்து இருக்கு வாசுகி, நான் அங்க ரெண்டு சாயங்காலம் சும்மா உக்காந்திருந்தேன்.

சரி கோகோவுக்கு வர்றேன். கியூபாவுல விளையுற கோகோவுல பெரும் பங்கு இந்த ஒரு முனிசிபாலிட்டியிலேர்ந்துதான் போகுது. 1791க்கு அப்புறம் ஹெய்த்தியில அடிமைங்க புரட்சி நடந்தப்ப அங்கேர்ந்து தப்பிச்சு வந்த பிரெஞ்சுக்காரங்கதான் காப்பியும் கோகோவும் இங்க பெருசா போட்டாங்களாம். ஊருக்கு வெளிய ஒரு சாக்லேட் ஃபேக்டரி இருக்கு, 1963ல சே குவேரா தொழில்துறை மந்திரியா இருந்தப்ப வந்து திறந்து வெச்சது. ஆனா எனக்குப் புடிச்சது ஃபேக்டரி இல்ல, நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவோட தம்பி தோட்டம்தான்.

டோவா ஆத்தங்கரையில அந்தத் தோட்டம், கியூபாவுலயே தண்ணி அதிகமா ஓடுற ஆறு அது. மேல தென்னை, பெரிய நிழல் மரங்க, அதுக்குக் கீழ வாழை, அதுக்கும் கீழ இருட்டா கோகோ. உங்க தோப்புல நாம நடந்த மாதிரியே இருந்துச்சு, ஆனா ஒரு வித்தியாசம், இவர் தரையப் பெருக்கவே மாட்டாரு. காஞ்ச இலை, வாழை மட்டை, ஒடச்ச காய் ஓடு எல்லாம் அப்படியே மக்கிக் கிடக்கு, கால் வெச்சா மெத்து மெத்துன்னு உள்ள போகுது. ஏன்னு கேட்டேன். கோகோ பூவுல மகரந்தம் சேர்க்கிறது தேனீ இல்லையாம், கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி ஈ, அது முட்டை போட்டு வளர்றது இந்த மக்கின குப்பையிலதான், குப்பைய எடுத்துட்டா ஈ போச்சு, ஈ போனா காய் போச்சுன்னாரு. எனக்கு உடனே உங்க அண்ணன் ஞாபகம்தான், தோப்புன்னா கண்ணாடி மாதிரி இருக்கணும்னு ஆள் விட்டு வாரிக் கொளுத்துவாரே. போன வருஷம் பூ நெறைய இருந்தும் காய் புடிக்கலன்னு நீ பொலம்பினது அதனாலகூட இருக்கலாம்டி, தயவு செஞ்சு ஒரு பத்து வரிசைக்காவது இலைய அப்படியே விட்டுப் பாருங்க.

காய அடிமரத்துலேர்ந்தே பறிச்சு, கத்தி படாம கட்டையால ஒரு தட்டு தட்டினாரு, ரெண்டாப் பிளந்துச்சு, உள்ள வெள்ளச் சதையோட விதை, சப்பினா புளிப்பும் இனிப்புமா சீதாப்பழம் மாதிரி. அத மரப்பெட்டியில கொட்டி வாழையிலை போட்டு மூடி ஆறேழு நாள் புளிக்க விடறாங்க, நடுநடுவுல கிளறி விடணும், கையை உள்ள விட்டேன், சூடு சுள்ளுன்னு இருந்துச்சு, வினிகர் வாசனை. அப்புறம் வெயில்ல காய வெக்கணும், ஆனா இந்த ஊர்ல வெயில் எங்க இருக்கு, மேகம் கறுத்தா வீட்டுல இருக்கிற எல்லாரும் செய்யற வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்து அள்ளுறாங்க. நானும் அள்ளினேன்.

வீட்டுக்காரம்மா ராத்திரி அத வறுத்து, தோல் உரிச்சு, கை மிஷின்ல அரைச்சாங்க. கரண்ட் இல்ல, அது அங்க தினமும் உள்ளதுதான், மணிக்கணக்குல போயிடும், அபகோன்னு சொல்றாங்க. அடுப்புக் கரி வெளிச்சத்துல அந்த மாவு வெண்ணெய் மாதிரி பளபளன்னு வழிஞ்சு வந்துச்சு, அவங்க உள்ளங்கையில உருட்டி உருட்டி தட்டுல வெச்சாங்க, எலுமிச்சம்பழ அளவு உருண்டை, ஆறினதும் கல்லு மாதிரி இறுகிடுது. காலையில அதத் துருவி கொதிக்கிற பால்ல போட்டு சோளமாவு கலந்து கெட்டியா காய்ச்சினா சொரோத்தே, கூழ் பதத்துல இருக்கும், மலைக்காரங்களுக்குக் காலை சாப்பாடே அதுதான்.

சாப்பாடுன்னா நீ விடமாட்ட, அதையும் சொல்லிடறேன். மீனத் தேங்காப்பால்ல செய்யறாங்கடி, கியூபாவுல வேற எந்தப் பக்கமும் இப்படி இல்லன்னு அவங்களே பெருமையா சொல்றாங்க. தேங்காப்பால், தக்காளி, பூண்டு, நெறத்துக்கு பிஹான்னு ஒரு செகப்பு விதை, அந்தக் குழம்புக்கு லெச்சிட்டான்னு பேரு. மொத வாய் வெச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, வீட்ட விட்டு வந்து எவ்ளோ வருஷம் ஆச்சு. வாழைக்காயத் துருவி நண்டு வெச்சு இலையில கட்டி வேகவெச்சா பகான். தேங்காத்துருவல், தேன், கொய்யா, ஆரஞ்சு எல்லாம் சேர்த்துக் கிளறி பனை மட்டையில கூம்பா சுத்தினா குகுருச்சோ, மலை ரோட்டுல கையில தூக்கிக் காட்டி விக்கிறாங்க. தெத்தின்னு ஒரு மீன், ஊசி மாதிரி, கடல்லேர்ந்து ஆத்துக்குள்ள கூட்டமா ஏறி வருமாம், ஆகஸ்ட்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தேய்பிறை பார்த்து வலை போடறாங்க. நான் போன நேரம் அது இல்ல.

ஆனா சொகமா மட்டும் நெனைச்சுக்காத. 2016 அக்டோபர் 4ஆம் தேதி ராத்திரி மேத்யூ புயல் இந்த மூலைமேலதான் ஏறிச்சு. வீட்டுக்காரம்மா சொன்னாங்க, விடியறப்ப கதவத் தொறந்தா எதிர் மலை பச்சையா இல்லாம பழுப்பா நின்னுச்சாம், ஒரு இலை இல்ல, தீ வெச்ச மாதிரி. தென்னையெல்லாம் தலையில்லாம நின்னுச்சு, நிழல் மரம் விழுந்ததால தப்பிச்ச கோகோவும் வெயில் தாங்காம கருகிடுச்சு. டோவா ஆத்துப் பாலம் அடிச்சுட்டுப் போயி மேக்குப் பக்கத் தொடர்பே அறுந்து போச்சு. தென்னை திரும்ப காய்க்க எத்தன வருஷம் ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா, லெச்சிட்டாவுக்குத் தேங்கா இல்லாம இருந்ததப் பத்தி சொல்றப்பதான் அவங்க குரலே கம்மிச்சு. அப்புறம் 2024 அக்டோபர்ல ஆஸ்கர் புயல், நாடு முழுக்க கரண்ட் போயி ரெண்டு நாள் கழிச்சு, அந்த இருட்டுலயே வந்து ஏறிச்சு. அதுல வெள்ளம் மோசமா போனது நான் மொதல்ல சொன்னேனே, அந்தக் கள்ளி மொளைக்கிற தெக்குப் பக்கம்தான், மழையே பார்க்காத ஊருங்க.

ஆறு கடல்ல கலக்கிற எடத்துல மணல் ஒரு நீளத் திட்டா குறுக்க நிக்குது, ஆறு நேரா போகாம அது ஓரமா வளைஞ்சு போயி கலக்குது, அதுக்கு திபரகோன்னு பேரு. அந்தத் திட்டுமேலயும் வீடு கட்டியிருக்காங்க, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். புயல்னா மொதல்ல காலி பண்றவங்க அவங்கதான். அப்படியே நடந்து போறப்ப ஒரு பையன் கை நெறைய நத்தை ஓடு கொண்டாந்து நீட்டினான், மஞ்சள், செகப்பு, கோடு கோடா, பெயின்ட் அடிச்ச மாதிரி. பொலிமித்தா, உலகத்துல இந்தக் கிழக்கு மூலையில மட்டும்தான் இருக்கு, விக்கிறது தடை. மரப்பட்டையில இருக்கிற பாசியச் சாப்பிட்டே வாழற ஜீவன், காப்பிச்செடிய சுத்தம் பண்ணிக் குடுக்குது. வாங்கல, ஆனா அவன் மூஞ்சிய மறக்க முடியல, அந்தக் காசு அவன் வீட்டுக்கு வேணும்தான.

ஒரு விஷயம் மனச அரிச்சுக்கிட்டே இருக்கு. நான் பார்த்த தோட்டத்துல வேலை செய்யறவங்க யாருக்கும் அம்பது வயசுக்குக் கொறையல. வீட்டுக்காரம்மாவோட ரெண்டு பசங்களும் நாட்டையே விட்டுப் போயிட்டாங்க, அக்கம்பக்கத்துலயும் அதே கதை. ரோடு இல்லாதப்ப 400 வருஷம் யாரும் போகல, இப்ப அந்த உருண்டைய உருட்டற கை அவங்களோட நின்னுடுமோன்னு எனக்கு பயமா இருக்கு. நான் கேட்டதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லல, மிஷின் கைப்புடிய என் பக்கம் திருப்பி வெச்சு, நீ சுத்துன்னாங்க. அரை மணி நேரம் சுத்தினேன், மறுநாள் தோளத் தூக்க முடியல.

அண்ணன் கிட்ட சொல்லு, 2024 டிசம்பர்ல கோகோ வெல டன் 12 ஆயிரம் டாலரத் தாண்டினதும் பொய் இல்ல, அப்புறம் சரிஞ்சதும் பொய் இல்ல, அந்த வெலைய வெச்சு மரத்த வெட்டற முடிவு எடுக்க வேணாம். அணிலுக்கு காய் பழுக்க ஆரம்பிச்சதுமே அப்பப்ப பறிச்சுடணும், அங்கயும் எலித் தொல்லைக்கு அதான் பண்றாங்க. நாலு உருண்டை கொண்டாந்திருக்கேன், ரெண்டு உனக்கு. அனுப்பாம நானே எடுத்துட்டு வர்றேன், பொங்கலுக்கு முன்னாடி டிக்கெட் போடப் பாக்கறேன். ஒரு பெட்டி மரத்துல செஞ்சு வை, ஆணி வேணாம், துரு புடிச்சுடும். உங்க தோப்புக் காயையே புளிக்க வெச்சுப் பார்ப்போம்.

அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு.

உன்
மீனா