பேக்கனும் பெரியப்பாவும்

சிரஞ்சீவி சங்கரனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். பாளையங்கோட்டையில் வெயில் இன்னும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்த கொஞ்ச நேரத்தில் மீனாவிடமிருந்து நீளமாக ஒரு வாட்ஸ்அப் வந்தது. நீ என்ன சொன்னாய்? "பெரியப்பா ஜென்மத்துல முட்டையக்கூடத் தொட்டதில்ல. அவருக்கே குடல்ல கேன்சர் வந்துச்சு. அப்புறம் நான் ஆபீஸ் கேன்டீன்ல பேக்கன் சாப்பிட்டா என்னப்பா?" மருமகள் எழுதியிருப்பது நேர் எதிர். பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாளாம். செடி கொடியிலிருந்து வருவதை மட்டும் சாப்பிட்டால் புற்றுநோய் கிட்டவே வராதாம். "நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க மாமா" என்று ஒரு வீடியோவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். இங்கிலாந்தில் லீட்ஸில் நடக்கிற சண்டைக்கு இங்கே என்னை நடுவராக்கிவிட்டீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். வேலை பார்த்த காலமெல்லாம் புள்ளியியல் அலுவலகத்தில் எண்களோடு மாரடித்தவன் நான். எனக்குத் தெரிந்த வழியில்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

முதலில் உன் பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பத்து நாடுகளிலிருந்து 22 நிபுணர்களை பிரான்ஸின் லியோன் நகரில் உட்காரவைத்து, 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டச் சொன்னது. பேக்கன், ஹாம், சாசேஜ் போல உப்பும் நைட்ரைட்டும் ஏற்றியோ புகைபோட்டோ பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று முதல் பிரிவில் வைத்தார்கள். ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சாதாரண இறைச்சியை அதற்கு அடுத்த படியில், 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தார்கள். புகையிலையும் முதல் பிரிவில் இருப்பதால் மறுநாள் பத்திரிகைகள் பேக்கனும் சிகரெட்டும் ஒன்று என்று எழுதிவிட்டன. அது தவறு. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல.

அளவு எவ்வளவு என்றால், தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்குப் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுகிறது. மீனா அனுப்பிய வீடியோவிலும் இந்த 18 வருகிறது, பின்னணி இசையோடு. ஆனால் எதில் 18 என்று அதில் பேசுகிறவன் சொல்லவில்லை. பிரிட்டனில் நூறு பேரை எடுத்துக்கொண்டால் வாழ்நாளில் ஏறக்குறைய ஆறு பேருக்குக் குடல் புற்றுநோய் வருகிறது. அந்த ஆறு, ஏழாகும். அவ்வளவுதான். நாள் தவறாமல் தின்கிற நூறு பேரில் ஒருவர் கூடுதல். ஒரு ஆளுக்கு இது சின்ன எண். ஒரு தேசத்துக்குச் சின்னது இல்லை. நீ வாரத்துக்கு ஒருநாள் தின்கிறாயா, தினமும் தின்கிறாயா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. தினமும் என்றால் நிறுத்து. அம்மாவுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது.

இனி மீனாவுக்கு. தாவர உணவுக்காரர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது, 'வரவே வராது' என்பதில்தான் இல்லை. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே யுகே பயோபேங்க் என்று பெரிய ஆய்வு நடக்கிறது. அதில் 4,70,000க்கும் மேற்பட்டவர்களின் கணக்கை 2022இல் வெளியிட்டார்கள். வாரத்தில் ஐந்து தடவைக்கு மேல் இறைச்சி சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டால், எல்லா வகைப் புற்றுநோயும் சேர்த்து சைவர்களுக்கு 14 சதவீதம் குறைவு, மீன் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு 10 சதவீதம் குறைவு. மாதவிடாய் நின்ற சைவப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் 18 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் உடல் எடையையும் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அதில் அடங்கிவிட்டது. காப்பாற்றியது கீரையா, கீரை தின்றதால் ஏறாத எடையா என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

அதைவிட வேடிக்கை குடல் விஷயம்தான். கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தார் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறார்கள். புகை, மது இரண்டையும் விலக்கச் சொல்லும் சபை அது. அவர்களில் பாதிப் பேர் சைவம், பாதிப் பேர் அசைவம். அதனால் 'சைவர்கள் புகைப்பதில்லை, அதனால்தான் குறைவு' என்று எளிதில் தள்ளிவிட முடியாது. 2015இல் வந்த கணக்கில் சைவர்களுக்குக் குடல் புற்றுநோய் 22 சதவீதம் குறைவு. மீனை மட்டும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு 43 சதவீதம் குறைவு! ஆனால் ஆக்ஸ்போர்டில் இதே மாதிரி ஆயிரக்கணக்கான பேரை வைத்துப் பார்த்தபோது, 2009இல் வெளியிட்ட கணக்கில் பிரிட்டிஷ் சைவர்களுக்குக் குடல் புற்றுநோய் குறையவில்லை, கூடுதலாகவே தெரிந்தது. இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தான். என் மேசைக்கு இப்படி இரண்டு அறிக்கை வந்திருந்தால், தட்டில் எது இல்லை என்பதை விட்டுவிட்டு எது இருந்தது என்று கேட்டிருப்பேன். இறைச்சியை எடுத்த இடத்தில் பயறு வந்ததா, பிஸ்கட்டும் சீஸும் வெள்ளை ரொட்டியும் வந்ததா?

நம் சொந்தக்காரர்களையே பாரேன். தலைமுறை தலைமுறையாகச் சைவம். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும், தொட்டுக்கொள்ள அப்பளம், நாலு மணிக்கு உழுந்த வடை. காய் என்றால் உருளைக்கிழங்குப் பொரியல். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலைச் செல்லம். பாக்கும் மரத்தில் காய்ப்பதுதான், புகையிலையும் இலைதான். வெறும் பாக்கைக்கூட அந்த லியோன் முகமை 2004 அறிக்கையில் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, வாய்ப்புற்றுக்காக. அரசாங்கத்தின் 2014 கணக்குப்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கு மேல் அசைவர்கள். மிச்சம் இருக்கிற சொச்சம் பேரான நாம் பெருமை அடித்துக்கொள்வதற்கு முன்னால் தட்டைக் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம்.

அயர்லாந்துக்காரரான டெனிஸ் பர்கிட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் உகாண்டாவில் நெடுநாள் வேலை பார்த்தவர். பிரிட்டனில் சர்வசாதாரணமான குடல் புற்றுநோய் அங்கே அபூர்வமாக இருப்பதைக் கவனித்து, அவர்கள் தின்கிற நார்ச்சத்துதான் காரணமாக இருக்கவேண்டும் என்று 1970களில் விடாமல் வாதாடினார். நாம் செரிக்க முடியாத அந்த நாரைப் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைச் செய்கின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய ஆகாரம். மலமும் தேங்கிக் கிடக்காமல் வெளியேறுகிறது. 2019இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தொகுத்துப் பார்த்ததில், நாளைக்கு 25 முதல் 29 கிராம் நார் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் புற்றுநோய் உட்படப் பல நோய்கள் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தன. உங்கள் ஊரில் 30 கிராம் சாப்பிடச் சொல்கிறார்கள், சராசரி ஆள் 20ஐக்கூடத் தொடுவதில்லை.

வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் ஏழு கிராமுக்கு மேல் நார். அதே எடை வெள்ளைச் சோற்றில் அரை கிராம் தேறுவதே கஷ்டம். இதற்கு மீனா கடையில் விலைகூடிய வீகன் சாசேஜ் வாங்கவேண்டியதில்லை. தோல் உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், காணத் (கொள்ளு) துவையல், தட்டாம்பயற்றுக் குழம்பு, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை என்று ஆச்சி சமைத்ததைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. காணம் அங்கே குஜராத்திக் கடைகளில் கிடைக்குமே. தேங்காய்ப்பால் சொதி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் நம்மூரில் என்ன கல்யாணம்!

மாத்திரை விஷயம் ஒன்று. காய்கறிச் சத்தை அடைத்த ஏதோ மாத்திரை வாங்கியிருப்பதாக அவள் எழுதியிருந்தாள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டீனை மாத்திரையாக்கி பின்லாந்தில் 29,000 ஆண் புகைப்பவர்களிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறையும் என்று நம்பித்தான் ஆரம்பித்தார்கள். காயைக் காயாகச் சாப்பிடச் சொல். வைட்டமின் பி12 மாத்திரை மட்டும் வேறு. பாலையும் விட்டவளுக்கு அது கட்டாயம், விளையாட்டில்லை. கால்சியமும் அப்படித்தான். பிரிட்டனில் 5,40,000 பெண்களை வைத்து ஆக்ஸ்போர்டு 2025இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு ஒரு டம்ளர் பாலில் இருக்கிற அளவு, அதாவது 300 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் புற்றுநோய் 17 சதவீதம் குறைவு. பாலில் இருந்துதான் வரவேண்டும் என்றில்லை. கால்சியம் சேர்த்த சோயாப் பாலாகப் பார்த்து வாங்கட்டும். சைவர்களைப் பற்றி முன்னால் சொன்ன அந்த ஆக்ஸ்போர்டு ஆய்விலேயே, இறைச்சி சாப்பிடுகிறவர்களைவிடப் பால்கூடத் தொடாதவர்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் கூடுதலாக இருந்தது என்பதையும் அவளிடம் சொல். நான் சொன்னதாகவே சொல், உனக்கும் திட்டு விழாது.

இனி பெரியப்பா. அண்ணன் ஏன் போனார் என்று எந்த ஆய்வும் சொல்லாது, சங்கரா. லட்சம் பேரில் எத்தனை என்று சொல்லும், அந்த எண்ணுக்குள் யார் விழுவார் என்று சொல்லாது. அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. வயதுதான் இதில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "சைவக்காரருக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டு, அடுத்து "எண்ணெய் அதிகமோ? என்னதான் சாப்பிடுவார்?" என்றார்கள். பதினாறு முடிந்த அன்று பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, என் சமையல்லதான் ஏதும் தப்பாப் போச்சோ?" என்று கேட்டார்கள். இல்லை அண்ணி என்று சொன்னேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, எந்தக் கணக்கிலும் அப்படி ஒரு விடை கிடையாது. ஆகவே 'பெரியப்பாவுக்கே வந்துச்சே' என்ற உன் வாதத்தை அவர்கள் காதில் விழும்படி எங்கேயும் பேசிவிடாதே. அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போடவேண்டாம் என்று மீனாவிடமும் சொல்லிவை. போட்டால் முதலில் பார்ப்பது பெரியம்மாதான்.

உன் டாக்டரிடம் பெரியப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்று சொல்லிக் குறித்துவைக்கச் சொல். இங்கிலாந்தில் ஐம்பது வயதானால் மலப் பரிசோதனைக் கிட் தபாலில் வீட்டுக்கே வருமாமே, வந்தால் அலமாரியில் தூக்கிப் போடாதே. உனக்கு அவர் பெரியப்பா, எனக்கு உடன்பிறந்தவர். அதனால் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தான். வருகிற வியாழக்கிழமை கொலோனோஸ்கோப்பிக்கு, அதாவது கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனைக்கு, நாள் வாங்கியிருக்கிறேன். குடல் சுத்தமாக இருக்கவேண்டுமாம், மூன்று நாளைக்குக் கீரை, பயறு, கொய்யா எதையும் தொடக்கூடாது, வெள்ளைச் சோறும் ரசமும் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவு நேரம் நார் நார் என்று எழுதிவிட்டு நானே குழைந்த சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. புதன்கிழமை அதுவும் கிடையாது, இளநீரும் பேதி மருந்தும்தான். அன்றைக்குப் போன் பண்ணாதே, எடுக்கிற நிலைமையில் இருக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா