காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு இன்னொரு கட்டணம் எதற்கு?

சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ நிறுவனங்களின் கன்சோல் பிரிவுகளுக்கு,

மைன்கிராஃப்ட் பெட்ராக் பதிப்பில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் ஓர் உலகத்தைத் திறந்துவைக்கிறார். போனில் ஆடும் நண்பர் கேமை வாங்கியிருந்தால் போதும், உள்ளே வந்துவிடலாம். சோனியின் பிஎஸ்5இலிருந்து வர பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்கு கேம் பாஸ், நிண்டெண்டோவின் ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் ஆன்லைன். இத்தனைக்கும் அந்த உலகம் ஓடுவது முதல் ஆளின் கம்ப்யூட்டரில், உங்கள் சர்வரில் அல்ல.

ஆன்லைன் சந்தா சர்வர் செலவுக்குத்தான் என்ற சமாதானம் இங்கேதான் இடிக்கிறது. ஸ்பிளட்டூன் 3, ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் இரண்டிலும் ஆட்டத் தரவு கன்சோலுக்குக் கன்சோல் நேரடியாகப் போகிறது. ஒருவர் வைஃபை தடுமாறினால் எல்லோருக்கும் ஆட்டம் திணறும். சந்தா கட்டியும், நேட் (வீட்டுக் கருவிகளின் இணைய முகவரியை ராவுட்டர் மாற்றித் தரும் முறை) வகை 'ஸ்ட்ரிக்ட்' என்று காட்டினால், நண்பர்களோடு பேசும் பார்ட்டி சாட் அறுந்துபோகலாம். ராவுட்டரில் இணைப்பு வழிகளைத் (போர்ட்) தானாகத் திறக்கும் யூபிஎன்பியை ஆன் செய்வது, எக்ஸ்பாக்ஸ் என்றால் யூடிபி 3074 போர்ட்டைத் திறப்பது, மோடமும் ராவுட்டரும் சேர்ந்து நேட் செய்தால் மோடத்தை, இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுவது எல்லாம் ஆடுபவர் தலையில்தான்.

அக்கவுண்ட், நண்பர் பட்டியல், வாய்ஸ் சாட், புகார்களைக் கவனிப்பது ஆகியவற்றுக்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் கடை அதை விற்பனைக் கமிஷனிலிருந்தே சமாளிக்கிறது. கமிஷன் உங்கள் ஸ்டோர்களும்தான் எடுக்கின்றன.

உண்மைக் காரணம் மைக்ரோசாஃப்டுக்கு நன்றாகவே தெரியும். 2007இல் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் என்ற தன் ஆன்லைன் சேவை வழியாகக் கம்ப்யூட்டரிலும், எக்ஸ்பாக்ஸில் இருந்த கோல்டு சந்தாவைக் கேட்டுப் பார்த்தது. 2008இல் அதைக் கைவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு கடை காசு கேட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். கன்சோலில் ஒரே வாசல், அதன் சாவி உங்களிடம். பிஎஸ்3இல் இலவசமாக இருந்த ஆன்லைன் ஆட்டம் 2013இல் பிஎஸ்4 வந்ததும் சந்தாவுக்குள் போனது. 2018இல் நிண்டெண்டோவும் சேர்ந்துகொண்டது.

இப்போது ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு மூவருமே சந்தா கேட்பதில்லை (எக்ஸ்பாக்ஸ் இதற்கு 2021 வரை எடுத்துக்கொண்டது). முழு விலை கொடுத்து வாங்கியவரிடம்தான் மறுபடி கை நீட்டுகிறீர்கள்!

ஆன்லைன் ஆட்டத்தைச் சந்தாவிலிருந்து பிரித்துவிடுங்கள். சந்தாவோடு நீங்கள் தரும் கேம் தொகுப்பு நன்றாக இருந்தால் அதற்காகவே ஆட்கள் சந்தா கட்டுவார்கள். ஒரேயடியாக முடியாதென்றால், கன்சோல்களே நேரடியாகப் பேசிக்கொள்ளும் கேம்களை முதலில் விடுவியுங்கள். கேம் வாரியாக விலக்கு தரும் வசதி உங்கள் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது.