வரியைப் பற்றி நாலு வரி

கொலம்பஸ், ஒஹாயோ
மார்ச் 9

அன்புள்ள சண்முகம்,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். பதிலையும் பேசியே அனுப்பலாம்தான். ஆனால் இந்தக் குளிரில் பாதிப் பேச்சில் இருமல் வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே பனி இன்னும் முழுசாகக் கரையவில்லை. முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது. மீனா உன் வீட்டுப் புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டதென்று ஒரு மாதமாகத் துக்கம் அனுஷ்டிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டல்லாஸில் இருக்கும் உன் தங்கை பையன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "அமெரிக்காவில் வருமான வரியே அரசியல் சட்டத்துக்கு விரோதம் மாமா, சம்பளத்தில் பிடிக்கக் கூடாதென்று ஆபீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறேன்" என்று சொன்னானே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறாய். உண்மை இல்லை. வரி செல்லும். ஆனால் அவனைத் திட்டாதே. இந்தக் கேள்வி ஒரு காலத்தில் நிஜமான கேள்வியாக இருந்தது. ஒரு தடவை உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தும் இருக்கிறது. அந்தப் பாதிக் கதையைச் சொல்லித்தான் வீடியோக்காரர்கள் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள்.

1787-ல் அரசியல் சட்டம் எழுதியவர்கள் வரி போடும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, தாராளமாகவே கொடுத்தார்கள். ஒரு முடிச்சு மட்டும் போட்டு வைத்தார்கள். 'நேரடி வரி' என்றால் அதை மாநிலங்களுக்குள் ஜனத்தொகைக் கணக்கில் பங்கு பிரிக்க வேண்டும். இந்த முடிச்சு வந்த வழி அசிங்கமானது. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிய அதே பேரத்தில்தான் இதுவும் வந்தது.

பங்கு பிரிப்பது என்றால் என்ன ஆகும் தெரியுமா? நம் ஊரை எடுத்துக்கொள், வாய்க்கால் பாசனம், இரண்டு போகம். மேற்கே உன் மாமனார் ஊர் வானம் பார்த்த பூமி. இரண்டிலும் ஆயிரம் தலை என்று வை. தலைக்கணக்கில் வரி கேட்டால் இரண்டு ஊரும் ஒரே தொகை கட்ட வேண்டும். நம் ஊரில் ஒரு மூட்டை நெல்லை விற்றால் முடிந்தது. அங்கே மாட்டை விற்க வேண்டும். அதாவது ஏழை ஊரில் வரி விகிதம் அதிகம், பணக்கார ஊரில் குறைவு. வருமான வரியை இப்படிப் பிரித்தால் அதைப் போடுவதன் அர்த்தமே தலைகீழாகிவிடும். ஆக, 'இது நேரடி வரி' என்று கோர்ட் சொல்லிவிட்டால் வருமான வரி செத்தது.

முதலில் கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக லிங்கன் காலத்தில், 1861-ல், வருமான வரி வந்தது. 1872-ல் காலாவதியானது. அதை எதிர்த்து ஸ்பிரிங்கர் என்ற இல்லினாய் வக்கீல் போட்ட வழக்கில், வரி செல்லும் என்று 1881-ல் தீர்ப்பு. அப்புறம் 1894-ல் காங்கிரஸ் மறுபடி ஒன்று கொண்டுவந்தது. நாலாயிரம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம். அந்தக் காலத்தில் நாலாயிரம் டாலர் என்றால் பண்ணையார் வருமானம்.

போலக் என்ற ஒரு பங்குதாரர், அவரிடம் இருந்தது பத்தே பத்துப் பங்கு, தன் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டார். 'வரி கட்டாதே' என்று. அரசாங்கத்தின் வசூலை நேராகத் தடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பதால் இந்தச் சுற்றுவழி. கம்பெனிக்கும் தோற்க வேண்டும் என்றுதான் ஆசை. பிரதிவாதி தோற்கத் துடிக்கும் வழக்கை நீ தாலுகா ஆபீஸில் பார்த்திருப்பாய், நான் இங்கேதான் படித்தேன். 1895-ல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நாலு பேர் எதிர்ப்பக்கம் என்ற கணக்கில் போலக் ஜெயித்தார். நிலத்து வாடகைக்கும் பங்கு லாபத்துக்கும் போடுகிற வரி நேரடி வரி, பங்கு பிரிக்கவில்லை, ஆகையால் செல்லாது. இதை வைத்தே சட்டத்தின் வருமான வரிப் பகுதி முழுவதும் போய்விட்டது.

உன் தங்கை பையன் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இதில் இருக்கிறது. சம்பளத்தின் மேல் வரி போடக் கூடாதென்று அந்தத் தீர்ப்புகூடச் சொல்லவில்லை. சொத்திலிருந்து வரும் வருமானத்தைத்தான் அது காப்பாற்றியது. சொத்துள்ளவன் தப்பித்துக்கொண்டு கூலிக்காரன் மேல் மட்டும் பாரம் விழ வேண்டாம் என்றுதான் மொத்தத்தையும் தள்ளினார்கள். வீடியோக்காரர்கள் தூக்கிப் பிடிக்கும் தீர்ப்பு டல்லாஸ் சம்பளக்காரனுக்குக் காலணா பிரயோஜனம் இல்லாதது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1909-ல் மறுபடி வருமான வரிச் சட்டம் வந்துவிடும்போல இருந்தது. செனட்டில் பணக்காரர்களுக்குக் காவலாக இருந்த ஆல்ட்ரிச் ஒரு யுக்தி பண்ணினார். 'எதற்கு அவசரச் சட்டம், அரசியல் சட்டத்தையே திருத்திவிடலாமே' என்றார். நாலில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அது நடக்கவா போகிறது என்ற நினைப்பு. குழந்தை கேட்கிற பொம்மையை 'அடுத்த தீபாவளிக்கு' என்று சொல்வது மாதிரி. ஆனால் தீபாவளி வந்துவிட்டது. அலபாமா முதலில் ஒப்புக்கொண்டது, ஒவ்வொன்றாக மற்றவை பின்னாலேயே வந்தன. 1913 பிப்ரவரி 3-ல் தேவையான 36 மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. அதே மாதம் 25-ல் வெளியுறவு மந்திரி நாக்ஸ், பதினாறாவது திருத்தம் அமலுக்கு வந்ததென்று அறிவித்தார். எந்த வழியில் வந்த வருமானமானாலும் சரி, பங்கு பிரிக்காமல் காங்கிரஸ் வரி போடலாம். ஒரே வாக்கியம், முடிச்சு அவிழ்ந்தது. பிரஷேபர் என்ற இன்னொரு பங்குதாரர் போலக் போன அதே வழியில் ஒரு ரயில்வே கம்பெனி மேல் வழக்குப் போட்டுப் பார்த்தார். 1916-ல் தோற்றார்.

இதற்கு மேல் சண்டை போட என்ன இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது! திருத்தமே சரியாக நிறைவேறவில்லை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மாநிலங்கள் அனுப்பிய காகிதங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால் நாலே நாலில்தான் வாசகம் அச்சாகச் சரியாக இருக்கிறது. மற்றதிலெல்லாம் பிழை. இல்லினாய்க்காரர்கள் 'எனுமரேஷன்' என்று வர வேண்டிய இடத்தில் 'ரெம்யுனரேஷன்' என்று எழுதியிருக்கிறார்கள். மக்கள் கணக்கெடுப்பு என்பது ஊதியம் என்று ஆகிவிட்டது. ஒன்றில் பன்மை விழுந்துவிட்டது, பலதில் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிட்டது. 'ஆகவே திருத்தம் செல்லாது, வரியும் செல்லாது' என்று வாதம். 1986-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத் தள்ளுபடி செய்தது. 1913-லேயே நாக்ஸின் அதிகாரிகள் இந்தப் பிழைகளைப் பட்டியல் போட்டு அவரிடம் கொடுத்திருந்தார்கள், அவர் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷம் பட்டா சிட்டாவோடு குடித்தனம் நடத்தியவன் நீ. 'சண்முகம்' என்பதற்கு 'சன்முகம்' என்று எழுதிவிட்டால் நிலம் கைமாறிவிடுமா? திருத்திக் கொடு என்று மனுப் போடுவான், அவ்வளவுதானே.

எங்கள் ஒஹாயோவுக்கும் இதில் ஒரு வேஷம் உண்டு. 1803-ல் ஒஹாயோ சேர்ந்தபோது காங்கிரஸ் சம்பிரதாயத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்ற மறந்துவிட்டது. நூற்றைம்பது வருஷம் யாருக்கும் உறைக்கவில்லை. 1953-ல்தான் கண்டுபிடித்து, பழைய தலைநகரான சில்லிகாத்தியிலிருந்து குதிரைமேல் மனுவை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். ஜனாதிபதி ஐசனோவர் 1803 மார்ச் 1 என்று முன்தேதியிட்டுச் சேர்த்துவிட்டார். வரி செல்லாது என்கிற கூட்டம் இதையும் பிடித்துக்கொண்டது: 'அப்படியானால் 1913-ல் ஒஹாயோ மாநிலமே இல்லை. 1909-ல் ஜனாதிபதியாக இருந்த டாஃப்ட் ஒஹாயோவில் பிறந்தவர், ஆகையால் அவர் ஜனாதிபதியே இல்லை.' திருத்தத்தில் ஜனாதிபதிக்குக் கையெழுத்து வேலையே கிடையாது என்பது யார் காதிலும் ஏறவில்லை.

இதை என்னிடம் நேரிலேயே சொன்ன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் பக்கத்து நூலகத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இலவசமாக வரிப் படிவம் போட்டுக் கொடுக்கிறோம். போன வருஷம் எழுபது வயதுத் தச்சர் ஒருவர் வந்தார். இரும்புச் சாமான் கடையில் அரை நாள் வேலை. கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. படிவம் போட வரவில்லை, வாதம் பண்ண வந்திருந்தார். ஒஹாயோ, டாஃப்ட், நாக்ஸ், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எல்லாம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் கட்டைப் புரட்டினேன். உள்ளே கடைக்காரர் வருஷா வருஷம் கொடுத்த சம்பளச் சீட்டுகள், ஐந்து வருஷத்துக்கு, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாவற்றிலும் வரி பிடித்திருந்தது. அவர் சம்பாதித்த கொஞ்சத்துக்குக் கட்ட வேண்டிய வரி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கணக்குத் தாக்கல் செய்திருந்தால் பிடித்தது திரும்பி வந்திருக்கும். திரும்பக் கேட்கக் கெடு மூன்று வருஷம். மூன்று வருஷத்துப் பணம் கிடைத்தது, இரண்டு வருஷத்தது போயேபோய்விட்டது. அவர் ரொம்ப நேரம் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'இருந்தாலும் டாஃப்ட் விஷயத்தில் நான் சொன்னது சரி' என்றார். நான் தலையாட்டிவிட்டேன்.

எல்லோருக்கும் இப்படி லேசாக முடியாது. சீக் என்ற விமான ஓட்டி உன் தங்கை பையன் செய்ய நினைப்பதையேதான் செய்தார். சம்பளத்தில் பிடிக்காமலிருக்க அறுபது கழிவு கோரி எழுதிக் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது மனதாரவென்றால், அது எவ்வளவு அசட்டுத்தனமானாலும் ஜூரி அதைக் கேட்க வேண்டும். ஆனால் அரசியல் சட்டப்படி வரி செல்லாது என்று வாதாடுவது எதிர்வாதம் ஆகாது' என்று 1991-ல் தீர்ப்பு. அதாவது தெரியாதவனுக்கு ஒரு சந்து உண்டு, சட்டம் படித்து வாதாடுபவனுக்குக் கிடையாது. மறு விசாரணையில் சீக் மறுபடி குற்றவாளியானார். நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸ் இந்த மாதிரிப் பேச்சை நம்பிக் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டு மூன்று வருஷ தண்டனை வாங்கினார். இந்த வாதங்களை எழுதிக் கணக்கோடு அனுப்பினாலே ஐயாயிரம் டாலர் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. பையன் பிற்பாடு குடியுரிமை கேட்கப் போனால் வரிக் கணக்கையும்தான் பார்ப்பார்கள்.

நிஜமான சண்டை இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. வரி போடலாமா என்பதில் இல்லை, எது வருமானம் என்பதில். அந்தச் சண்டை பெங்களூரிலிருந்து வந்தது தெரியுமா? வாஷிங்டன் மாநிலத்து மூர் தம்பதி 2006-ல் கிசான்கிராஃப்ட் என்ற பெங்களூர்க் கம்பெனியில் நாற்பதாயிரம் டாலர் போட்டார்கள். சிறு விவசாயிகளுக்குக் கருவி விற்கும் கம்பெனி. லாபம் வந்தது, ஆனால் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் கம்பெனி அதைத் தொழிலிலேயே போட்டது. 2017-ல் வந்த புதுச் சட்டம், உங்கள் பங்குக்குரிய லாபத்துக்கு வரி கட்டுங்கள் என்றது. 14,729 டாலர். 'கைக்கு வராத காசு எப்படி வருமானம்?' என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்று தோற்றார்கள். லாபம் கம்பெனியின் கையில் வந்துவிட்டது, அதைப் பங்குதாரர் கணக்கில் வைப்பது பழைய வழக்கம்தான் என்றது கோர்ட். விற்காத சொத்து விலை ஏறினால் அதுவும் வருமானமா என்ற கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் மூர் கேட்டது எனக்கு அசட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை. பையனுக்கு வாதம் பண்ண ஆசையென்றால் இதைப் படிக்கச் சொல், அன்றாடம் பத்து நிமிஷம் தூக்கம் கெடும்.

அவன் நம்பரை எனக்கு அனுப்பு. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவான ஏப்ரல் 15-க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆபீஸில் எதையாவது எழுதிக் கொடுத்திருந்தால் இப்போதே மாற்றிக் கொடுத்துவிடலாம். நீ சொன்னதாகச் சொல்லாமல் நானே சாதாரணமாகப் பேசிக்கொள்கிறேன். மாமா கோள் சொன்னார் என்று ஆக வேண்டாம்.

உன் கண் ஆபரேஷன் எந்தத் தேதி? அதைச் சொல்லாமல் வரியைப் பற்றியே கேட்டிருக்கிறாய். அப்புறம், புளிக்காய்ச்சல். ஜூலையில் உன் ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பாட்டிலாகக் கொடுத்தனுப்பு, போன தடவை ஒன்று பெட்டிக்குள்ளேயே கொட்டி என் சட்டைகள் இரண்டு இன்னும் மணக்கின்றன.

உன்,
கணேசன்