அமெரிக்காவுக்கும் ஊர்ச் சாப்பாடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பல இடங்களில் எழுதியவரோடு ஒத்துப்போனேன். ஆனால், அமெரிக்காவுக்கென்று சொந்தச் சமையல் கிடையாது, பர்கரை விட்டால் மிச்சமெல்லாம் பிற நாட்டார் கொண்டுவந்ததுதான் என்று அவர் முடித்திருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். சென்ற செப்டம்பர் கடைசியில் ஓரிகன் மாநிலத்தில் ஒரு இரவு விருந்தில் உட்கார்ந்து எழுந்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

நான் தேனி மாவட்டத்தில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்குக் கீழேதான் கழிந்தது. மகளும் மாப்பிள்ளையும் போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஹில்ஸ்பரோவில் இருக்கிறார்கள். நானும் மனைவியும் போயிருந்தபோது, “அப்பா, உங்களுக்கு இந்த ஊர்த் திராட்சையைக் காட்டணும்” என்று மகள் கூட்டிக்கொண்டு போனாள். வில்லமெட் பள்ளத்தாக்கில், டண்டீ குன்றுகளில் ஒரு தோட்டம். அங்கேயே வைனும் தயாரிக்கிறார்கள். அறுவடை நேரத்தில் ஒருநாள், அந்த வட்டாரத்தில் விளைந்ததையும் பிடித்ததையும் வைத்து ஐந்து வகை சமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வைனோடு விருந்து வைக்கிறார்கள்.

மது என்றதும் சில வாசகர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கும் பழக்கம் இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் ருசி பார்த்தேன், அவ்வளவுதான். என் மனைவிக்கும், வண்டி ஓட்ட வேண்டிய மாப்பிள்ளைக்கும் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தேன். நல்ல செம்மண், விரலில் ஒட்டும் களி. ஜோரி மண் என்று பெயர் சொன்னார்கள். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு பாறையாகி, அந்தப் பாறை மக்கி உண்டான மண். 2011-ல் ஓரிகன் சட்டமன்றம் அதை மாநிலத்தின் மண்ணாகவே அறிவித்திருக்கிறது. மாநில மலர், மாநிலப் பறவை தெரியும். மண்ணுக்கு அந்த மரியாதை கொடுத்ததைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

நம் பக்கம் கல்தூண் நட்டு, தலைக்கு மேலே பந்தல் போட்டுக் கொடியைப் படர விடுகிறோம். அங்கே கம்பி கட்டிய நீள நீள வரிசைகள், குலைகள் இடுப்புக்குக் கீழே தொங்குகின்றன. பல தோட்டங்களில் வேர் பிடித்த கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதே இல்லை. குளிர்கால மழையை அந்தக் களிமண் பிடித்து வைத்துக்கொள்கிறது, கோடையில் வேர் அதைத் தேடி இறங்குகிறது. கம்பத்தில் கவாத்து செய்து நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம், வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அவர்களுக்கு வருடத்துக்கு ஒரே அறுவடை. அது தவறினால் தவறியதுதான். 2020 செப்டம்பரில் மலைக்காடுகள் பற்றி எரிந்து பள்ளத்தாக்கு முழுவதும் புகை மூடியபோது, பழத்தில் புகை வாடை ஏறிவிடும் என்று பலர் அந்த வருடம் சிவப்பு வைன் போடுவதையே கைவிட்டார்களாம். விளைந்து நிற்கிற பழத்தை விட்டுவிடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்ன பெண்ணின் குரல் தழுதழுத்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். முதலில் யாக்கினா வளைகுடாவின் சிப்பி, கூடவே பினோ கிரீ என்ற வெள்ளை வைன். சிப்பி எனக்கு இறங்கவில்லை, விட்டுவிட்டேன். ஓரிகன் என்றால் டஞ்செனஸ் நண்டு ஆயிற்றே, ஏன் காணோம் என்று மகள் கேட்டாள். கடலில் நண்டுப் பருவம் வழக்கமாக டிசம்பரில்தான் தொடங்கும், அதுவரை இங்கே நண்டு கேட்காதீர்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாவது, காட்டில் பறித்த ஷாண்டரெல் காளான். மஞ்சள் நிறத்தில் சின்னக் குடையைக் கவிழ்த்தது போல இருக்கும். வெண்ணெயில் வதக்கி, மேலே ஹேசல்நட் என்ற கொட்டையை வறுத்து உடைத்துத் தூவியிருந்தார்கள். அமெரிக்காவில் விளைகிற ஹேசல்நட்டில் 99 சதவீதம் இந்த ஒரு மாநிலத்தில்தான். இடையில் ஒரு பூஞ்சண நோய் வந்து மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்திருக்கின்றன. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் பல வருடம் பாடுபட்டு நோய் தாங்கும் ரகங்களைக் கொடுத்த பிறகுதான் தோப்புகள் மறுபடி பெருகின. பரிமாறியவர் இதைத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னார். என் மனைவி சைவம், அடுத்து வந்த மீனுக்குப் பதிலாகவும் அந்தக் காளானையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்றாவதுதான் அன்றைய விருந்தின் உயிர். ஷினூக் சால்மன். மீனைப் பிளந்து, தேவதாருக் குச்சிகளில் கோத்து, ஆல்டர் விறகு நெருப்பைச் சுற்றி நட்டு வைத்து அனலிலேயே வாட்டியிருந்தார்கள். உப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. மீனுக்கு வெள்ளை வைன்தான் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன், வந்தது சிவப்பு. பினோ நுவார். தோல் மெல்லிய திராட்சை, அதனால் துவர்ப்பு குறைவு. குளிர்ந்த ஊரில் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு கெடாமல் நிற்கிறது. சால்மனின் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது அந்தப் புளிப்பு வந்து கழுவிவிடுகிறது, அடுத்த வாய் மீன் முதல் வாய் போலவே ருசிக்கிறது. பொரித்த மீனுக்குப் பிறகு ரசம் செய்கிற வேலை. இந்த மீனும் இந்தத் திராட்சையும் ஒரே பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பவை என்பதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்த நேரத்தில் விருந்து நடத்தியவர் எழுந்து பினோ நுவாரின் கதையைச் சொன்னார். 1965-ல் டேவிட் லெட் என்ற இளைஞர், இந்தக் குளிரிலும் மழையிலும் அந்தத் திராட்சை வராது என்று படித்தவர்களே எச்சரித்தும் கேட்காமல், குச்சிகளோடு வந்து இந்தப் பள்ளத்தாக்கில் நட்டார். 1979-ல் பாரிசில் நடந்த போட்டியில் அவருடைய 1975-ஆம் வருட வைன், பினோ நுவாருக்குப் பேர்போன பிரெஞ்சு வட்டாரமான பர்கண்டியின் பெரிய பெயர்களுக்கு நடுவே முதல் பத்துக்குள் வந்தது. அடுத்த வருடம் பர்கண்டியிலேயே மறுபோட்டி வைத்தார்கள், இரண்டாம் இடம். 1987-ல் பர்கண்டியில் வைன் தயாரிக்கும் துரூவான் குடும்பம் டண்டீ குன்றுகளிலேயே நிலம் வாங்கிவிட்டது. கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் ஒரு குறை இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். திராட்சைக் குச்சி கொண்டுவந்தவரின் பெயரை அத்தனை விவரமாகச் சொன்னவர், மீனைக் குச்சியில் கோத்து வாட்டக் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் மகள்தான் சொன்னாள். கொலம்பியா ஆற்றங்கரைப் பழங்குடிகளின் முறை அது. அந்த ஆற்றில் செலைலோ அருவி என்று ஒன்று இருந்தது. பல்லாயிரம் வருடங்களாக மரப் பரண் கட்டி, நீண்ட கைப்பிடி வலையால் சால்மன் பிடித்த இடம், பல இனத்தார் கூடி வியாபாரம் செய்த சந்தை. 1957 மார்ச்சில், அதற்குக் கீழே புதிதாகக் கட்டிய அணையின் மதகுகளை மூடினார்கள், சில மணி நேரத்தில் அருவி தண்ணீருக்குள் போய்விட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த பள்ளத்தாக்கு கலப்பூயா மக்களுடையது. காமாஸ் என்ற கிழங்கைக் குழி அடுப்பில் நாள் கணக்கில் வேகவைத்துத் தித்திப்பாக்கிச் சாப்பிட்டவர்கள். 1850-களில் அவர்களை அங்கிருந்து கிளப்பி கிராண்ட் ரோண்ட் என்ற ஒதுக்கிடத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்குச் சொந்தச் சமையல் இல்லை என்று எழுதும்போது, நம் கட்டுரையாளரும் இவர்களை மறந்துவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

நான்காவது ரோக் ரிவர் புளூ என்ற நீலப் பாலாடைக்கட்டி. பேரிக்காய்ச் சாராயத்தில் ஊறிய திராட்சை இலையில் பொதிந்து மாதக்கணக்கில் பழுக்க வைக்கிறார்கள். 2019-ல் இத்தாலியில், 3,800-க்கும் மேற்பட்ட பாலாடைக்கட்டிகள் கலந்துகொண்ட உலகப் போட்டியில் முதலிடம் பெற்றது. அமெரிக்கக் கட்டி ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. வாசனை முதலில் மிரட்டியது. அதன் உப்புக்கும் காரத்துக்கும் கூட வைத்த இனிப்பு வைன் சரியாக ஈடு கொடுத்தது. கடைசியில் மேரியன்பெரி என்ற பிளாக்பெரி வகைப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற இனிப்பு. ஓரிகனிலேயே கலப்புச் செய்து உருவாக்கி 1956-ல் வெளியிட்ட ரகம், மேரியன் என்பது அதைப் பயிரிட்டுச் சோதித்த மாவட்டத்தின் பெயர்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தோட்டக்காரரிடம் எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வில்லமெட் பள்ளத்தாக்கின் வைனுக்கு 2021-ல்தான் ஐரோப்பிய ஒன்றியம் அதே போன்ற குறியீடு கொடுத்ததாம். ஓரிகனில் பினோ நுவார் என்று சீட்டு ஒட்ட வேண்டுமானால் 90 சதவீதம் அந்தப் பழமே இருக்க வேண்டும், நாட்டுச் சட்டம் கேட்பது 75 சதவீதம்தான், நாங்களே எங்களுக்குக் கடுமையாக வைத்துக்கொண்டோம் என்றார். எங்கள் பழம் பெட்டியில் ஏறிப் போகும்போது விளைவித்தவர் பெயர் எதிலும் இருக்காது. சுருளிப்பட்டிப் பந்தலுக்குக் கீழே இலை போட்டு, அந்த மண்ணில் விளைந்ததையே சமைத்து, விளைவித்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறினால் எப்படி இருக்கும் என்று விமானத்தில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய நண்பர்கள் இரண்டு பேரிடம் பேசியும் இருக்கிறேன்.

கட்டுரையாளர் மறுபடி அமெரிக்கா போனால், ஓரிகனுக்கும் ஒரு நடை போய்வரட்டும் என்று சொல்லுங்கள். செப்டம்பர் கடைசி நல்ல நேரம். நண்டு வேண்டுமென்றால் டிசம்பர் தாண்டிப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்,
கம்பம், தேனி மாவட்டம்.