நாடக ஒத்திகை: எல்லாரும் படிச்சிருங்க

மக்களே, திருவிழா நாடகம் முடிவாயிடுச்சு. மன்னார்குடி பக்கம் ஒரு ஓட்டுவீடு, பையன் சிங்கப்பூர்ல, அப்பாயி மட்டும் தனியா. நடுராத்திரி கொல்லக்கதவ நெம்பிட்டு ஒருத்தன் அருவாளோட உள்ள வர்றான், அப்பாயி கத்தல, தாழ்வாரத்துல உக்காந்துகிட்டே "சாப்ட்டியாய்யா"ன்னு கேட்டுட்டு பழைய சோத்த எடுத்து வைக்குது, அவன் கை நடுங்கும் பாருங்க, அந்த எடந்தான் நாடகமே (தயவுசெஞ்சு அங்க மியூசிக் போடாதீங்கப்பா). அவன போவவிடாம பேச்சு குடுக்குறது பயத்துலயா, புள்ள ஏக்கத்துலயான்னு கடைசி வரைக்கும் தெரியக்கூடாது.

முடிஞ்சதும் மைக்ல முதியோர் உதவி எண் 14567 சொல்லணும், ஆனா அது காலைல 8லேருந்து ராத்திரி 8 வரைக்குந்தான், ராத்திரி ஆபத்துன்னா 112.

அப்பாயி வேசத்துக்கு இன்னும் ஆள் கெடைக்கல. ஞாயிறு சாயங்காலம் 5 மணி, அருவா அட்டையில செஞ்சது போதும்.